சர்வருக்கு விலக்கு, மாட்யூலின் பொய்க்கு யார் பொறுப்பு?

தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான எம்டிசிடிஇ கட்டாயச் சான்றளிப்பிலிருந்து சர்வர்களை விலக்குவதாகத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் அறிவித்தது. கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச், ஸ்மார்ட் கேமரா, பிஓஎஸ் கருவி ஆகியவையும் கூடவே வெளியே வந்துவிட்டன. மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமான மெய்ட்டியின் கட்டாயப் பதிவில் ஏற்கெனவே இருக்கும் பெட்டிக்குத் தொலைத்தொடர்புத் துறையும் தனியாக ஒரு முத்திரை கேட்பது வீண் அலைச்சல் என்று நாம் வெகுநாளாகச் சொல்லிவந்தோம். இறக்குமதியாளருக்கு நேரமும் நமக்குக் காத்திருப்பும் மிச்சம். விலக்கை இந்த இதழ் வரவேற்கிறது.

வரவேற்ற கையோடு ஒரு கேள்வி. ரேக்கில் ஏற்றிய ஒரு லினக்ஸ் பெட்டியில் இரண்டு எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் உள்ள எக்ஸ்520 கார்டைச் செருகி, எஃப்ஆர்ஆர் ஓட்டி, பிஜிபி பேச வைத்தால் அது சர்வரா, ரூட்டரா? ரூட்டர் சான்றிதழ் பட்டியலில் இருக்கிறது, சர்வர் இல்லை. பெட்டி ஒன்றுதான், பில்லில் இருக்கும் பெயர் வேறு. மெய்ட்டியின் பதிவுக்கு அடிப்படையான ஐஎஸ் 13252 ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா என்று பார்க்கும் தரம். அதைத் தாண்டி, அந்தக் கார்டின் டிரைவர் என்ன செய்கிறது என்று கேட்க இனி யாரும் இல்லை. முன்பும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் சொல்லவருவது, தன் கம்பெனியின் ஒளியிழை மாட்யூலை மட்டும் கார்டு ஏற்கும் எஸ்எஃப்பி பூட்டைப் பற்றி. ‘மறுபடியும் இதுதானா’ என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. இந்தப் பக்கத்தில் இதை முன்பும் எழுதியிருக்கிறேன். இந்த முறை விஷயம் செலவோடு நிற்கவில்லை.

82599 சிப்பில் உட்காரும் ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர், மாட்யூல் செருகியதும் ஐ-ஸ்கொயர்-சி வழியாக அதன் ஈஈப்ராமைப் படிக்கிறது. 37 முதல் 39 வரையான மூன்று பைட்டில் தயாரிப்பாளரின் ஓயுஐ இருக்கும். 10 கிகாபிட் ஒளி மாட்யூலில் அது இன்டெலின் 00-1பி-21 இல்லை என்றால் ‘ஆதரவில்லாத மாட்யூல்’ என்று டிமெசேஜில் ஒரு வரி விழும், இன்டர்ஃபேஸ் எழும்பாது. கார்டின் சொந்த என்விஎம்மில் ‘எந்த மாட்யூலும் சம்மதம்’ என்று ஒரு பிட் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே அதை ஏற்றி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பூட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணத்தையும் பார்த்துவிடுவோம். சோதிக்காத மாட்யூல் அதிக மின்சாரம் இழுக்கலாம், சூடாகலாம், கார்டைக் கெடுக்கலாம் என்கிறார்கள். நீள்தூர மாட்யூல்களில் அது நடக்கக்கூடியதுதான். ஆனால் டிரைவர் சூட்டை அளந்து மறுக்கவில்லை. டிடிஎம் உள்ள மாட்யூலில் வெப்பநிலை ஏ2 பக்கத்தில் எழுதியே இருக்கிறது, ஏற்பதா மறுப்பதா என்பதற்கு டிரைவர் அதைப் பார்ப்பதில்லை. இதே டிரைவர் பாஸிவ் டேக் செம்புக் கேபிளை எந்தக் கம்பெனியுடையதானாலும் ஏற்றுக்கொள்கிறது. செம்புக்கு இல்லாத சாதி கண்ணாடிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

திறக்கும் வழி உங்களுக்குத் தெரியும்: ‘அலவ் அன்சப்போர்ட்டட் எஸ்எஃப்பி’ என்ற அளவுருவுக்கு 1. ஃப்ரீபிஎஸ்டியில் இதற்கு ஈடானது லோடர் கோப்பில் இருக்கிறது. ஆனாலும் மாதம் தவறாமல் வாசகர் கடிதம் வருகிறது, சிக்கல் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான். இன்டெல் தளத்திலிருந்து எடுத்துத் தொகுக்கும் டிரைவர் போர்ட்டுக்கு ஒரு மதிப்பாக ‘1,1’ என்று வாங்கிக்கொள்ளும். கெர்னலோடு வரும் டிரைவருக்கு எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே எண்தான். அதற்கு ‘1,1’ கொடுத்தால் அளவுரு தவறு என்று டிரைவரே ஏற மறுக்கும், இரண்டு போர்ட்டும் காணாமல் போகும். இன்னொன்று, மோட்ப்ரோப் கோப்பில் சரியாக எழுதிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்காமல் விடுவது. கணினி எழும்பத் தொடங்கும்போதே டிரைவர் ஏறிவிடுவதால் நீங்கள் எழுதிய வரி அதன் கண்ணிலேயே படாது.

ஒரு கிகாபிட் பைடை மாட்யூலுக்கு 2023-இல் இந்த 1 கூட உதவவில்லை. அன்றைய கெர்னல் டிரைவருக்கு ஒரு கிகாபிட்டில் எஸ்எக்ஸ், எல்எக்ஸ், செம்பு என்ற மூன்றைத்தான் தெரிந்திருந்தது, ஒற்றை இழை பிஎக்ஸ் தெரியாது. எக்ஸ்710 கார்டுக்குப் போனால் அளவுருவும் கிடையாது, சோதனை ஃபர்ம்வேருக்குள் போய்விட்டது. கெர்னல் டிரைவரில் ஒரு வரியை மாற்றித் தொகுத்துக்கொள்ளலாம் என்ற சுதந்திரமும் அங்கே முடிகிறது.

இப்படி வழியடைத்தால் ஊர் என்ன செய்யும்? திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் அலுவலகத்துக்கு மாட்யூல் கொண்டுவருபவர் பையில் ஒரு சின்ன எழுதுபெட்டியும் வைத்திருக்கிறார். மாட்யூலை அதில் செருகிவிட்டு அவர் கேட்பது ஒரே கேள்வி: “இன்டெல்னு எழுதணுமா, சிஸ்கோன்னு எழுதணுமா சார்?” அரை நிமிடத்தில் பெயர், ஓயுஐ, பார்ட் நம்பர் எல்லாம் மாறிவிடும். பைடையை எல்எக்ஸ் என்றும் எழுதிக்கொடுப்பார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. டிரைவர் கேட்ட பொய்யை அவர் எழுதித் தருகிறார்.

ஆனால் அதற்குப் பிறகு எத்டூல் காட்டும் எதையும் நம்ப முடியாது. தயாரிப்பாளர் பெயர் பொய், ரகமும் பொய். அந்த வெளியீட்டை அப்படியே உருவி இருப்புப் பட்டியல் தயாரித்துத் தணிக்கைக்குக் கொடுக்கிறோம். தேசியப் பாதுகாப்பு உத்தரவின்படி 2021 ஜூன் 15 முதல், உரிமம் பெற்ற சேவையாளர் நம்பகமான மூலத்திலிருந்து வந்த நம்பகமான பொருளைத்தான் புதிதாக இணைக்கவேண்டும். அதற்கென்று தனிப் போர்ட்டலே இருக்கிறது. ஒரு கை ‘யார் செய்தது என்று சொல்’ என்கிறது. இன்னொரு கை, யார் செய்திருந்தாலும் இன்டெல் என்று சொன்னால்தான் கதவைத் திறப்பேன் என்கிற கார்டைக் கேள்வியே இல்லாமல் உள்ளே விடுகிறது.

கேரள அரசின் ஒளியிழை வலையமைப்பான கேஃபோன் 2023 ஜூன் 5 அன்று இந்த நகரத்தில்தான் திறக்கப்பட்டது. 30,000 அரசு அலுவலகங்கள், 20 லட்சம் ஏழைக் குடும்பங்கள் என்பது இலக்கு. ஓபிஜிடபிள்யூ கேபிளின் இழை சீனாவிலிருந்து வந்ததா என்று எத்தனை விவாதம் நடந்தது! நடக்கட்டும், கேட்கவேண்டிய கேள்விதான். அந்த இழை வந்து முடியும் அலுவலக சர்வரில் நாளை செருகப்போகும் மாட்யூலைப் பற்றி ஒருவர் வாய் திறந்தாரா? தொலைத்தொடர்புத் துறையின் பொறியியல் மையமான டெக்கின் வரையறைகளில் மின்காந்தக் குறுக்கீடு உண்டு, பாதுகாப்பு உண்டு, தொழில்நுட்பத் தேவைகள் உண்டு. தயாரிப்பாளர்கள் கூடி ஒப்புக்கொண்ட மாட்யூல் வரையறையான எம்எஸ்ஏ-வுக்கு ஒத்த எந்த மாட்யூலையும் கார்டு ஏற்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்க இத்தனை ஆண்டில் எந்த அதிகாரிக்கும் நேரம் கிடைக்கவில்லை. தயாரிப்பாளர்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறார்கள், கருத்துக் கேட்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு டிமெசேஜ் பார்த்துக்கொண்டிருப்பவனை யாரும் கூப்பிடுவதில்லை. 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்ட ஊர் இது, பள்ளிப் பிள்ளைகள் குனு லினக்ஸில் படிக்கும் மாநிலம் இது. இங்கேயும் நான் பார்த்த டெண்டர்களில் ‘லினக்ஸ் ஆதரவு வேண்டும்’ என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. டிரைவர் ஏறினால் ஆதரவு என்று எடுத்துக்கொள்கிறார்கள், லிங்க் எழுந்ததா என்று ஏற்புச் சோதனையில் பார்ப்பது கூட அந்தக் கம்பெனியே கொண்டுவந்த மாட்யூலை வைத்துத்தான்.

விலக்கு இருக்கட்டும். மெய்ட்டியோ டெக்கோ, யாராவது ஒருவர் பூட்டைக் கையில் எடுக்கவேண்டும். அதுவரை டெண்டர் வரைவு உங்கள் மேசைக்கு வரும்போது இதைச் சேருங்கள்: ‘கார்டின் டிரைவரும் ஃபர்ம்வேரும் எம்எஸ்ஏ-வுக்கு ஒத்த எந்தத் தயாரிப்பாளரின் மாட்யூலையும், ஈஈப்ராம் மாற்றி எழுதப்படாத நிலையில், ஏற்கவேண்டும். ஏற்புச் சோதனை வாங்குபவர் தரும் மாட்யூலில் நடக்கும்.’ இந்தப் பிரிவை நீக்கச் சொல்லி எந்தக் கம்பெனியாவது முன்-ஏலக் கூட்டத்தில் கேட்டால், சொன்ன காரணத்தை எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் பெயர் இல்லாமல் அடுத்த இதழில் போடுகிறோம்.