ஓடுமுன் நிற்கப் பழகு

பழைய வீட்டை விலைக்கு வாங்கியவர் முதலில் என்ன செய்கிறார்? கூரை ஒழுகுகிறதா என்று ஏறிப் பார்ப்பதில்லை. திண்ணைக்குப் பட்டை பட்டையாய்க் காவி அடிக்கிறார். ஐப்பசி மாதத்து மழை பிடித்துக் கொண்டு, நடு ராத்திரியில் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழும்போதுதான், கூரை என்று ஒன்று இருப்பது அவருக்கு ஞாபகம் வருகிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறவருடைய சுபாவமும் அப்படித்தான். வண்டி வாசலில் வந்து நின்றதும் அவர் கேட்கும் முதற் கேள்வி, "இதை இன்னும் வேகமாக ஓடச் செய்வது எப்படி?" என்பது. "இது ஒழுங்காக நிற்குமா?" என்ற கேள்வி அவருக்குத் தோன்றுவதே இல்லை. அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச உத்தேசம்.

பேச்சுக்கு ஓர் உதாரணம் வேண்டும் அல்லவா? ஜப்பானில் ஹிரோஷிமாவிலுள்ள மாஸ்டா கம்பெனியார் 1989-ம் வருஷம் சிகாகோ கண்காட்சியில் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் சிறு வண்டியை எடுத்துக் கொள்வோம். அமெரிக்கர்கள் இதை மியாட்டா என்று அழைக்கிறார்கள். இரண்டே ஆசனங்கள், துணிக் கூரை, முன்னால் 1,600 கன சென்டிமீட்டர் அளவுள்ள நாலு சிலிண்டர் இஞ்சின், பின் சக்கரங்கள் வண்டியைத் தள்ளிச் செல்லும். எடை ஏறக்குறைய ஆயிரம் கிலோ. 1960-களில் இங்கிலாந்தில் லோட்டஸ் எலான் போன்ற சிறு வண்டிகள் பிரசித்தி பெற்றிருந்தன. ஓட்டுவதற்கு அவை ஆனந்தம்; மறுநாள் காலையில் கிளம்புமா என்பது கடவுள் சித்தம். மாஸ்டா கம்பெனியார் ஆனந்தத்தை அப்படியே வைத்துக் கொண்டு, கடவுளுக்கு அந்தச் சிரமத்தை மட்டும் குறைத்தார்கள். நிர்மாண வேலைக்குத் தலைமை வகித்த தோஷிஹிக்கோ ஹிராய் என்பவர், "ஜின்பா இத்தாய்" என்ற ஜப்பானியச் சொல்லைத் தம் கொள்கையாக வைத்திருந்தார். குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒன்றாகிவிடுவது என்பது அதன் பொருள்.

அந்த முதல் தலைமுறை வண்டிகள் 1997-ம் வருஷத்தோடு நின்றுவிட்டன. கடைசியாய்ப் பிறந்ததற்கும் இப்போது முப்பதை நெருங்கும் வயது. ஆனாலும் பல தேசங்களில் அவை இன்னும் ஓடுகின்றன. ஆறு நாள் வீதியில் ஓடும் வண்டியையே ஏழாம் நாள் பந்தயப் பாதைக்குக் கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். பரிசு வாங்குவதற்காக அல்ல. கட்டணம் செலுத்திவிட்டு, போலீஸ்காரரும் எதிர் வண்டியும் இல்லாத பாதையில் மனம் போல் ஓட்டுவதற்காக. ஜெர்மனியில் 1927-ல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் பாதை காடும் மேடுமாய் 20.8 கிலோமீட்டர் சுற்றிச் செல்கிறது. அங்கேகூடச் சில நாட்களில் சாதாரண ஜனங்கள் தங்கள் சொந்த வண்டியை ஓட்ட அனுமதி உண்டு.

ஆகவே, வண்டி ஒன்று, வேலை இரண்டு. சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பிரேக்கை அழுத்தி அதை நிறுத்துகிறோம். வண்டியிலிருந்த வேகம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, உஷ்ணமாக மாறிப் பிரேக்கில் ஏறிவிட்டது. அந்த ஒரு தடவை உண்டான உஷ்ணம், ஒன்றேகால் லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதாவது, ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் காபி போடலாம்! வேகம் 140 ஆனால் உஷ்ணம் ஏறக்குறைய இரு மடங்கு. வீதியில் இப்படி அழுத்துவது என்றைக்கோ ஒரு நாள். பந்தயப் பாதையிலோ ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தாறு திருப்பங்களில் இப்படி அழுத்த வேண்டும். ஆறுவதற்கு அவகாசமே இல்லை.

இந்த உஷ்ணம் எங்கே வினையாய் முடிகிறது தெரியுமா? நம்மவர்கள் "பிரேக் ஆயில்" என்று சொல்லும் திரவத்தில். காலால் அழுத்தும் பலத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உப்பைப் போல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொண்டே இருக்கும். சாதாரணமாக உபயோகிக்கும் "டாட் 4" என்ற வகை, புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரையில் கொதிக்காது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டாலோ 155 டிகிரி தாங்கினால் போதும் என்று அதே விதி சொல்கிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது; ஆவியைப் பஞ்சு மாதிரி அமுக்கலாம். ஓட்டுபவர் காலை அழுத்துவார், மிதி தரை வரையில் போகும், வண்டி நிற்காது. அந்தச் சமயத்தில் இஞ்சினுக்கு எத்தனை குதிரைச் சக்தி இருந்தாலும் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு குதிரையும் சத்துரு அல்லவா?

ஒரு சிறு தகரப் புட்டித் திரவத்தின் விலை, பளபளக்கும் புதுச் சக்கரங்களின் விலையில் மிகச் சிறு பங்குதான். ஆனால் புதுச் சக்கரத்தைப் பார்த்து அண்டை வீட்டுக்காரர் ஆச்சரியப்படுவார். புதிய பிரேக் ஆயிலைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. சனியன், இதுதான் காரணம்!

பிரேக் பேட் விஷயத்தில் இன்னொரு தர்மசங்கடம். பந்தயத்துக்கென்று செய்த பேட், சூடேறினால்தான் பிடிக்கும். அதையே மாட்டிக் கொண்டு விடியற்காலையில் பால் வாங்கப் புறப்பட்டால், முதல் நாற்சந்தியில் அழுத்தும்போது அது இன்னும் தூங்கிக் கொண்டிருக்கும். வீதிக்கு உரிய பேட்டோ பந்தயப் பாதையில் நாலாவது சுற்றில் சோர்ந்து போகும். இரண்டுக்கும் நடுத்தரமானதைத் தேடிக் கொள்ள வேண்டும். அல்லது பந்தயப் பாதைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பேட்டை மாற்றிக் கொள்ள வேண்டும். பின்னால் வந்த 1,800 அளவு வண்டியின் 255 மில்லிமீட்டர் முன் தட்டுகளைப் பழைய வண்டியின் 235 மில்லிமீட்டர் தட்டுகள் இருந்த இடத்தில் பொருத்துவோரும் உண்டு. இது நல்ல மாறுதல். வண்டியைப் படைத்தவர்களே சோதித்துப் பார்த்த சாமான் அல்லவா?

அடுத்தது டயர். அதன் பக்கவாட்டில் நாலு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். வரிப்பள்ளங்கள் ஆழமாக இருப்பதைக் கண்டு, "தேயவே இல்லையே!" என்று பூரித்துப் போகக் கூடாது. பத்து வருஷத்து ரப்பர் கல்லாகியிருக்கும். அது தேயாததற்குக் காரணம், அதிகம் ஓடாமல் கிடந்து கிழமாகிவிட்டதுதான்.

முப்பது வயது வண்டியில் ரப்பர் இருக்கும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரிய இடம். பிரேக் குழாய், சக்கரங்களைத் தாங்கும் கைகளிலுள்ள புஷ், ரேடியேட்டர் குழாய் எல்லாவற்றையும் விரலால் அமுக்கிப் பார்த்து, வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக்கினால் ஆனது. கறுப்பாயிருந்த அது பழுப்பு நிறம் அடைந்துவிட்டால், அது வண்டி எழுதும் கடைசிக் கடிதம் என்று கொள்ளலாம். டைமிங் பெல்ட்டைச் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். 1,600 அளவு இஞ்சினில் அது அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக் கொள்ளாது என்பது ஒரு பாக்கியம். ஆனாலும் நடுவழியில் நிற்கும் பாக்கியம் நிச்சயம் கிட்டும்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணிக் கூரையில் விழும் மழை ஜலம், ஆசனங்களுக்குப் பின்னாலுள்ள இரண்டு சிறு துவாரங்களின் வழியே கீழே இறங்கிப் போக வேண்டும். மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் சருகு விழுந்து துவாரம் அடைத்துக் கொள்ளும். அப்புறம் ஜலம் கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டிக்குள் புகுந்து, உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். கூரையில்லாத வண்டிக்கு முதுகெலும்பு போன்றது அந்தப் பாகம். வெளியே வர்ணம் பிரமாதமாயிருக்கும். உள்ளே ஒன்றும் இராது. அந்தத் துவாரங்களை மாதம் ஒரு முறை சுத்தம் செய்ய ஐந்து நிமிஷம் போதும்.

நிற்க. மாறுதலே செய்யக் கூடாதா என்று வாசகர் கேட்கலாம். செய்யலாம், ஆனால் கிரமமாகச் செய்ய வேண்டும். தேய்ந்த ஷாக் அப்ஸார்பர்களை எடுத்துவிட்டுத் தரமான புதியவற்றைப் போட்டு, சக்கரங்களின் சாய்வையும் திசையையும் அளந்து சரிசெய்தாலே, வண்டி வேறு பிறவி எடுத்தது போலாகும். இந்த வண்டியில் நாலு சக்கரங்களின் கோணத்தையும் போல்ட்டைத் திருப்பியே மாற்றலாம். சக்கரத்தின் தலையைச் சற்று உள்பக்கம் சாய்த்து வைத்தால் பந்தயப் பாதைத் திருப்பத்தில் டயர் நன்றாகப் பிடிக்கும். அளவு மீறிச் சாய்த்தால், வீதியில் ஓடும் ஆறு நாளும் டயரின் உள் ஓரம் தேய்ந்து கொண்டே போகும். இங்கும் நடுத்தரமே நன்மை.

இஞ்சினுக்கு டர்போ பூட்டும் ஆசைதான் எல்லா ஆசைகளிலும் பொல்லாதது. கௌபீனத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்த சந்நியாசியின் கதை எல்லாருக்கும் தெரியும். பூனைக்குப் பாலுக்காகப் பசு, பசுவை மேய்க்க ஆள், கடைசியில் சம்சாரம்! டர்போவும் அந்தப் பூனை மாதிரிதான். அதன் உஷ்ணத்துக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். சக்தியைத் தாங்கப் புதிய கிளட்ச் வேண்டும். அப்புறம் கியர் பெட்டி முனகும். கூடின வேகத்துக்குப் பிரேக் போதாது. எல்லாம் செய்து முடித்த பிறகு பார்த்தால், குதிரையும் சவாரிக்காரனும் ஒன்றாயிருந்த நிலை போய், குதிரை ஒரு பக்கமும் சவாரிக்காரன் ஒரு பக்கமும் இழுத்துக் கொண்டிருப்பார்கள். அமெரிக்காவில் இந்த வண்டிகளை மட்டுமே வைத்து ஒரு பந்தய வகுப்பு நடக்கிறது. அதில் இஞ்சினைக் கண்டபடி மாற்றுவதற்கு இடமில்லை. அங்கே ஜயிக்கிறவர் திறமையினால் ஜயிக்கிறார்.

இன்னும் ஒரு விஷயம், உயிர் சம்பந்தமானது. துணிக் கூரை தலையைக் காப்பாற்றாது. வண்டி கவிழ்ந்தால் தாங்குவதற்காக ஆசனத்துக்குப் பின்னால் "ரோல் பார்" என்னும் வளைந்த இரும்புக் குழாயைப் பொருத்துகிறார்கள். பல பந்தயப் பாதைகளில் இது இல்லாத திறந்த வண்டியை உள்ளே விடுவதில்லை. பொருத்தினால் மட்டும் போதாது. குழாயின் உச்சியிலிருந்து முன் கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஒரு நீண்ட கம்பை வைத்துப் பார்க்க வேண்டும். ஹெல்மெட் அணிந்த தலை கம்புக்குக் கீழே அடங்க வேண்டும். தலை மேலே தட்டினால் அந்தக் குழாய் வெறும் அலங்காரம். வீதியில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும்போது அதே குழாய் பின் மண்டையைத் தாக்கக்கூடும். ஆகையால் அதன் மேல் கெட்டியான மெத்தை உறை அவசியம். காப்பதற்கென்று வைத்ததே கொல்லலாம். வீதிக்கும் பந்தயப் பாதைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு நுட்பமானது.

பந்தயப் பாதைக்குப் போகும் தினத்தில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கமும் உண்டு. இறங்குமுன் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளை அளவுக் கருவி கொண்டு முறுக்க வேண்டும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆற விட வேண்டும். நிறுத்தியதும் கைப் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பு முன் எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். பந்தயத்துக்கென்றே உள்ள வண்டி லாரியில் ஏறி வீட்டுக்குப் போகும். இந்த வண்டியோ எஜமானரையும் சுமந்து கொண்டு தன் காலால் நடந்து போக வேண்டும். இந்தப் பாதைகளில் நேரும் சேதத்துக்குப் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தருவதில்லை என்பதையும் கிளம்பு முன்பே விசாரித்துக் கொள்வது நலம்.

மாஸ்டா கம்பெனியார் 2017-ல் ஒரு காரியம் செய்தார்கள். இந்த முதல் தலைமுறை வண்டிகளைத் தாங்களே புதுப்பித்துத் தருவதாக அறிவித்து, கிடைக்காமல் போன சாமான்களில் சிலவற்றைத் திரும்பவும் செய்ய ஏற்பாடு செய்தார்கள். துணிக் கூரை, மரத்தினாலான ஸ்டீயரிங் சக்கரம், பழைய அளவு டயர் ஆகியவையும் அவற்றில் சேர்ந்தவை. புதிய வண்டி விற்பதே வியாபாரம் என்றிருக்கும் காலத்தில், தாங்கள் செய்த பழைய பொருளுக்கும் தாங்கள் ஜவாப்தாரி என்று ஒப்புக் கொண்டது பெருமைக்குரியது. சுதேசிக் கைத்தொழில் என்று பேசும் நாமும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு பொருளைச் செய்வது பாதிக் கைத்தொழில். அதைக் காப்பாற்றுவது மறு பாதி.

அந்த மறு பாதி நமக்குப் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில், 1950-கள் முதல் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பாதை ஏற்பட்டது. சோழவரத்து நாட்களில் அந்நிய வண்டி இறக்குமதி எளிதல்ல. வீதியில் ஓடிய பியட்டையும் ஸ்டாண்டர்டு ஹெரால்டையுமே நம் மெக்கானிக்குகள் பிரித்துப் பூட்டிப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். இருப்பதை நன்றாக வைத்துக் கொள்ளும் வித்தை அவர்கள் கையில் இருந்தது.

வாசகர்களில் பெரும்பாலோரிடம் ஸ்போர்ட்ஸ் கார் இராது. குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் சாதாரண வண்டி இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதன் பக்கத்தில் குனிந்து, டயரிலுள்ள அந்த நாலு இலக்கங்களைப் படித்துப் பாருங்கள். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வராவிட்டால், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.