வென்றவளோடு தோள் நின்றவள்

1926-ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதல் நடைபெற்ற உலக மேசைப்பந்துப் போட்டியில் மகளிர் பட்டம் வென்றவர் ஹங்கேரி நாட்டு மரியா மெத்னியான்ஸ்கி. முதல் ஐந்து உலகப் போட்டிகளிலும் ஒற்றையர் பட்டம் அவருக்கே உரியதாயிற்று. 1932-இல் பிராக் நகர் இறுதியாட்டத்தில் அவரை வீழ்த்தியவர் அன்னியரல்லர். இரட்டையர் ஆட்டத்தில் அவருக்கு இணையாக நின்ற அன்னா ஷிபோஷ்!

மகுடம் கைமாறிற்று, இணையோ முறியவில்லை. அதே போட்டியிலும், 1935 வரை அடுத்து நடந்த மூன்று உலகப் போட்டிகளிலும் இருவரும் சேர்ந்தே இரட்டையர் பட்டம் வென்றனர். மரியா பெற்ற உலகப் பட்டங்கள் மொத்தம் 18.

தம்பி முந்தினால் அண்ணன் முகம் வாடும் இல்லங்கள் நம்மிடையே உண்டு. காயினின் பொறாமை இன்றும் வாயிற்படியில் காத்துக் கிடக்கின்றது. பெற்றோரே, பிள்ளைகளுக்கு வெல்லக் கற்பிக்கின்றோம். தம்மை வென்றவரோடு தோள் சேர்ந்து நிற்கவும் கற்பிப்போமாக.