இன்ஜினைத் திறக்குமுன் டெல்கோவைத் திருப்புங்க

அப்பாவோட பிரீமியர் பத்மினியை மதுரையிலிருந்து புனேவுக்குக் கொண்டுவந்ததிலிருந்து ஒரே ரோதனை. காத்ரஜ் காட் ஏறும்போதெல்லாம் டப்பாவில் சில்லறையைக் குலுக்கின மாதிரி கிணிகிணின்னு சத்தம். "எப்போ விக்கப்போறீங்க?" இது தங்கமணி.

மெக்கானிக் கேட்ட மாத்திரத்தில் "சாப், இன்ஜின் கோல்னா படேகா"ன்னுட்டார். திறந்தா பையனோட ஒரு டெர்ம் ஃபீஸ் காலி. இன்னொருத்தர் விலை கூடின பெட்ரோல் போடச் சொன்னார். சத்தம் குறைஞ்சது நிஜம். ஆனா மாசாமாசம் தண்டம் அழணுமே!

என் கட்சி இதுதான் மக்களே: பழைய வண்டின்னா முதல்ல டைமிங்கைப் பாருங்க. ஸ்பார்க் ரொம்ப முன்னாடியே விழுந்தா, பிஸ்டன் மேலே வரவர அழுத்தமும் சூடும் எகிறி, மிச்சமிருக்கிற பெட்ரோல் கலவை தானாவே வெடிக்கும். அந்தச் சத்தம்தான் இது. கண்டுக்காம ஓட்டினா பிஸ்டனே ஓட்டையாகலாம்.

முதல்ல சி.பி. பாயிண்ட் இடைவெளி. அது மாறினா டைமிங்கும் மாறிடும். அப்புறம் டைமிங் லைட் பிடிச்சு, ரோட்டர் சுத்துற பக்கமாவே டெல்கோவை மயிரிழை திருப்பி, புத்தகத்தில் இருக்கிற குறிக்குக் கொண்டுவரணும். ஆசைப்பட்டு அதிகம் திருப்பினா இழுவை போயிடும், இன்ஜின் கொதிக்கும். அதுக்கும் அடங்கலைன்னா கார்பன் இருக்கான்னு திறந்து பார்க்கட்டும், வேணாங்கலை.

போன ஞாயிறு காட் ஏறினோம். மூணாவது கியர்ல சத்தமே இல்லை. ஏசி இல்லைங்கிற சத்தம் மட்டும் பக்கத்து சீட்லேர்ந்து வந்தது.