பனங்கூடலில் ஒரு மணித்தியாலம்



கிழமை முழுவதும் தையல் மெசினோடு குனிந்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் மட்டும் கீரிப் பனங்கூடலுக்குப் போவேன்.

மகள் கொப்பித் தாளில் படம் கீறி, ஐந்து புள்ளிகள் இட்டுத் தருவாள்: பழைய கிணறு, இரட்டைப் பனை, உடைமரம் என்று. திசைகாட்டியை வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். வெளிநாடுகளில் இதை ‘ஓரியன்டியரிங்’ என்பார்கள். 1897இல் நோர்வேயில் இதற்குப் பொதுப்போட்டியே நடந்தது.

முறை எளிது. படத்தின் வடக்கைத் திசைகாட்டி முள்ளின் வடக்கோடு பொருத்துங்கள். கருவி இல்லையா? பின்னேரச் சூரியன் இடக்கைப் பக்கம் இருந்தால், நீங்கள் பார்ப்பது ஏறக்குறைய வடக்கு.

முதல் நாளே இரண்டாம் புள்ளியைத் தவறவிட்டேன். நெஞ்சு படபடத்தது. 2008இல் கைக்குழந்தையோடு மடுப் பக்கக் காட்டில் வழி தெரியாமல் ஓடிய நாள் கண்முன் வந்தது. நின்றேன். மூச்சுவிட்டேன். படத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிணறு தெரிந்தது! அன்று பயம் எங்களை ஓட்டியது. இன்று வழியை நானே தெரிகிறேன். அந்தக் குழந்தைதான் இப்போது எனக்குப் படம் கீறித் தருகிறாள்.

ஒன்று கவனம்: கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்துக்கும், ஆள் நடமாட்டமில்லாத பற்றைகளுக்கும் போகவேண்டாம். இருவராகப் போங்கள்.

வேலை எங்கும் ஓடிவிடாது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் உங்களுக்கென்று எடுத்துப் பாருங்கள்.