தளபதி சொன்னால் கேட்கும் காது

2012 மார்ச் மாதம் நாடு முழுக்க ஒரே பேச்சு. டாட்ரா லாரிகள் 600 வாங்க ஒப்புதல் கொடுத்தால் 14 கோடி ரூபாய் தருவதாக, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் தன்னிடமே வந்து பேசினார் என்று அன்றைய தரைப்படைத் தளபதி வி.கே.சிங் பேட்டி கொடுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் மறுத்தார். ஆனாலும் நாடாளுமன்றம் கொந்தளித்தது; சிபிஐ விசாரித்தது. மே மாதம் ஓய்வுபெற்ற தளபதி, அண்ணா ஹசாரேயுடன் ஊழல் எதிர்ப்பு மேடை ஏறினார். 2014இல் காசியாபாத்தில் வென்று மத்திய இணையமைச்சரும் ஆனார்.

உண்மையென்று தான் நம்பியதை அவர் வெளியே சொன்னார்; நாடு காது கொடுத்தது. சரிதான். நமது கேள்வி வேறு. அந்தக் காது எல்லோருக்கும் கிடைக்கிறதா?

சீருடைப் பணியிலேயே இன்னொருவரைப் பார்ப்போம். 2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் தேஜ் பகதூர் யாதவ், தங்களுக்குத் தரப்படும் சாப்பாட்டின் லட்சணத்தை வீடியோ எடுத்து வெளியிட்டார். தண்ணீர் போன்ற பருப்பு, கருகிய ரொட்டி. படைத் தரப்பு அவருடைய புகாரை மறுத்தது. ஏப்ரலில் அவர் வேலையிலிருந்தே நீக்கப்பட்டார். தளபதி பேசினால் விசாரணை. காவலர் பேசினால் பணிநீக்கம்.

இன்னும் கீழே, நம்மூருக்கு வருவோம். 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக வந்தார். அவர் சமைத்தால் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? தடுத்தவர்களைக் கேட்கவில்லை, சமையலரையே இடம் மாற்றினார்கள். அந்த அம்மா ஒதுங்கிப் போகவில்லை. நடந்ததை வெளியே சொன்னார். பல இயக்கத்தினர் திரண்டு போராடிய பிறகுதான் மாறுதல் ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

பதவி இறங்க இறங்க, உண்மை பேசுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஏறுகிறது. சாதியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

காது கிடைத்தவர்கள் கீழே இருப்பவர்களுக்குக் காது கொடுப்பார்கள் என்றும் நம்பிவிட முடியாது. 2015 அக்டோபரில் ஹரியானாவின் சுன்பேட் கிராமத்தில் இரண்டு தலித் குழந்தைகள் வீட்டுத் தீயில் கருகி இறந்தார்கள். அதுபற்றிக் கேட்டபோது, யாரோ நாய்மீது கல் எறிந்தால் அதற்கு அரசு பொறுப்பா என்ற பொருளில் பதில் சொன்னவர் இதே வி.கே.சிங்தான். ஒப்பிட்டுப் பேசவில்லை என்று பின்னர் விளக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டின் காதில் விழுந்தது முதல் பேச்சு அல்லவா?

ஆகவே நாம் பெரிய மனிதர்களின் துணிச்சலை மட்டும் நம்பி இருக்க முடியாது. சட்டம் வேண்டும். ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு 2014 மே மாதமே குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்துவிட்டார். பத்தாண்டு கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. அதைக் கேட்க வேண்டியது நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடமை. அவர்களைக் கேட்க வைப்பது நம் கடமை.

கையில் இருக்கும் சட்டத்தையாவது தெரிந்துகொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தருவது அரசின் கடமை என்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். வழக்குக்கு வந்துபோகும் செலவும் அரசுடையது. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. அந்தக் கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

படிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டு பிரிவுகளையும் வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஊரில் ஒருவர் உண்மையைச் சொல்லக் காவல் நிலையம் போனால், கூட இரண்டு பேர் போங்கள். திருமலைக்கவுண்டன்பாளையத்துச் சமையலருக்குப் பின்னால் பதவி எதுவும் இல்லை. ஆட்கள் இருந்தார்கள், அதனால்தான் அவர் சொன்னது கேட்டது.