ஊசியா, களிம்பா? முடிவு செய்வது யார்?

"கட்சி ஏட்டிலே மருந்துக்கடைச் சங்கதியா?" என்று கேட்பர் சிலர். கேட்கட்டும்! மணவறைக்குப் புரோகிதரை அழைப்பதும் அழைக்காததும் அவரவர் வீட்டு விவகாரம், அதிலே அரசியலுக்கு என்ன வேலை என்று அன்றும் கேட்டார்கள். 1967 இல் நமது சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கி அதற்கு விடை கூறிற்று. வீட்டுக்குள் நடப்பதும் உடலுக்குள் நடப்பதும் அரசியலுக்கு அப்பாற்பட்டவை என்று உபதேசிப்போர், அவற்றின்மீது தமக்குள்ள ஆதிக்கம் அசையாதிருக்க வேண்டும் என்று விரும்புவோரே ஆவர்.

2008 இல், இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர்க்கு நலவாரியம் கண்டது தமிழ்நாடு. பெருமைப்படுகிறோம். ஆனால் பெருமை பேசும் மேடைகளில் திருநம்பியரின் பெயர் எத்தனை முறை ஒலிக்கிறது? பிறந்தபோது பெண் என்று பதிவு செய்யப்பட்டு, தம்மை ஆணாக உணர்ந்து ஆணாகவே வாழ முற்படும் அந்த இளைஞர்கள், நம் தெருவிலும் இருக்கிறார்கள், நம் தொழிற்சாலையிலும் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் நாடும் மருந்து டெஸ்டோஸ்டிரோன். நாடாதவரும் உண்டு, அதனால் அவர் எவ்விதத்திலும் குறைந்தவரல்லர். நாடுவோர்க்கோ அது குரலைக் கனக்கச் செய்கிறது, மீசை தாடியை அரும்பச் செய்கிறது, மாதவிலக்கை நிறுத்துகிறது. கண்ணாடியில் தெரியும் முகத்தைத் தம் முகமென ஏற்க வைக்கிறது.

1935 இல் பூட்டநான்ட், ரூசிச்கா என்னும் அறிஞர்கள் இதனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினர். நான்கே ஆண்டுகள் கழித்து, 1939 இல், இங்கிலாந்தின் மைக்கேல் தில்லன் இதனை மாத்திரையாக உட்கொள்ளத் தொடங்கினார். அவர் பிரபுக் குடும்பத்தார்; படித்து மருத்துவரானவர். அவரையே 1958 இல் பத்திரிகைகள் சந்திக்கு இழுத்தன. நாடு துறந்து இந்தியா வந்து, பௌத்தத் துறவு மேற்கொண்டு, 1962 இல் டல்ஹௌசியில் 47 ஆம் வயதில் மறைந்தார். குலமும் கல்வியும் பெற்றவருக்கே அந்தக் கதி என்றால், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையின் கதி என்ன?

இன்று மருந்து ஒன்று, வழிகள் பல. எண்ணெயில் கரைத்த எனந்தேட் போன்ற ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆண்டுக்கு 26 முறை! போட்ட சில நாளில் மருந்தளவு உச்சிக்கு ஏறும், அடுத்த ஊசி நெருங்கும்போது அடிமட்டத்துக்கு இறங்கும். அதோடு சிலருக்கு மனமும் உடலும் சேர்ந்து சோரும். அதே மருந்தைப் பாதி அளவாக வாரந்தோறும் தோலுக்கடியில் தாமே செலுத்திக்கொண்டால் ஏற்ற இறக்கம் குறையும். அண்டெகனோயேட் என்னும் நீடித்த ஊசியோ, 4 மில்லி லிட்டர் ஆமணக்கெண்ணெயில் 1000 மில்லி கிராம். தொடக்கக் கட்டம் கடந்தபின் ஏறத்தாழ 12 வாரத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு நாலைந்து முறை போதும். ஆயின் பயிற்சி பெற்ற கை வேண்டும். எண்ணெய்த் துளி நுரையீரலை எட்டும் அபாயம் அரிதாக உண்டு என்பதால், அரைமணி நேரம் கண்காணிப்பில் இருத்துவது நலம். களிம்போ நாள் தவறாமல் பூச வேண்டியது. ஆண்டுக்கு 365 நாள்!

"ஏழைக்கு மலிவான ஊசி போதாதா? களிம்பு கேட்பது ஆடம்பரம் அன்றோ?" என்கிறார் ஒரு கனவான். நாட்கூலி பெறும் பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். 26 முறை மருத்துவமனை வரிசை என்றால் 26 நாள் கூலி இழப்பு. 26 முறை மேஸ்திரியிடம் பொய்க் காரணம். மருந்துச் சீட்டில் மலிவாக இருப்பது, சம்பளச் சீட்டில் மலிவாக இல்லையே! அவருக்கு வேண்டியது நீடித்த ஊசி. கனவான் அதனை விலை அதிகம் என்பார். யாருடைய கணக்கில் அதிகம்? அரசின் கணக்கிலா, அந்தத் தொழிலாளியின் கணக்கிலா?

விலை கூடியதே மேலானது என்று மயங்குவோரும் உண்டு. ஒற்றை அறையில் அண்ணன், அண்ணி, கைக்குழந்தையுடன் ஒண்டியிருக்கும் இளைஞரிடம் களிம்பைக் கொடுத்து, "இதுதான் நவீனம்" என்று சொல்லிப் பயன் என்ன? பூசிய இடத்தில் பட்ட குழந்தையின் உடலிலும் மருந்து ஏறிவிடும். குழந்தைகளிடம் பருவ மாற்றக் குறிகள் காலத்துக்கு முன்பே தோன்றியதைக் கண்டுதான், 2009 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இக்களிம்புகளுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. அதே களிம்பு, தனி அறை உள்ளவருக்கும் ஊசி கண்டால் நடுங்குபவருக்கும் நல்ல துணை. இரத்தத்தில் மருந்தளவு ஒன்றாயின், எவ்வழி சென்றாலும் முடிவில் பலன் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே "எது சிறந்தது?" என்பது அரைக் கேள்வி. "எவருடைய வாழ்வுக்கு எது பொருந்தும்?" என்பதே முழுக் கேள்வி.

"மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும், கேள்வி எதற்கு?" என்பது அடுத்த வாதம். மருத்துவரின் அறிவு வேண்டும், கட்டாயம் வேண்டும்! இம்மருந்து சிவப்பணுக்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிப்பாக்கக் கூடும். குறுகிய கால ஊசியில் அது அதிகம். முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை தேவை. கனத்த குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்பாது. மாதவிலக்கு நின்றுவிட்டதால் கருத்தரிக்க இயலாது என்று எண்ணுவதும் தவறு. இவற்றையெல்லாம் எடுத்துரைப்பது மருத்துவர் கடமை. ஆனால் இரத்தத்தை அறிந்தவர் மருத்துவர். வீட்டை அறிந்தவர், வேலையை அறிந்தவர், ஊரின் கண்களை அறிந்தவர் அந்த இளைஞர். இருவரும் அமர்ந்து பேசி எடுப்பதே முடிவு. ஒருவர் ஆணையிட, மற்றவர் கைகட்டி நிற்பது முடிவாகாது; அது அடக்குமுறை. அந்த வாசலை அடைத்தால், அவர் புறக்கடை வழியே தரகரிடம் போவார்; அளவறியாமல், கலப்படம் அறியாமல் போட்டுக்கொள்வார். பழி அவர்மீதா, வாசலை அடைத்தவர் மீதா?

2019 இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் 15 ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சை உள்ளிட்ட மருத்துவ வசதி அளிப்பது அரசின் கடமை என்றது. 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் காப்பீடு என்று ஒப்பந்தமே எழுதியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஆயுள் முழுவதும் தேவைப்படும் மருந்துக்குக் காப்பீட்டு அட்டை மட்டும் போதாது. ஊருக்கு அருகே, உள்ளே மருந்து இருக்கும் மருந்தகம் வேண்டும்.

எனவே நாம் கேட்பவை மூன்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதலில் குறுகிய ஊசி, நீடித்த ஊசி, களிம்பு மூன்றும் இடம்பெற வேண்டும். அவை மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். ஊசி போடும் செவிலியர்க்கும், தாமே போட்டுக்கொள்ள விழைவோர்க்கும் பயிற்சி வேண்டும். பரிசோதனையும் ஆலோசனையும் வேலை நேரம் கழிந்த மாலையில் நடைபெற வேண்டும்.

தோழர்களே! ஒரே ஒரு மருந்தை நீட்டி "விரும்பியதை எடுத்துக்கொள்" என்பது ஏய்ப்பு. மூன்றையும் வைத்து, மூன்றின் குணத்தையும் கேட்டையும் விளக்கி, "உமக்கு எது பொருந்தும், சொல்லும்" என்று கேட்பதே உரிமை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாக்குங்கள். உங்கள் மாவட்ட மருத்துவமனைக்குச் சென்று, எந்த மருந்து உண்டு, எது இல்லை என்று கேட்டுக் குறித்து வாருங்கள். தன்மானம் பேசும் இயக்கத்துக்கு, தன் உடலைத் தானே ஆள விழையும் இளைஞனின் கேள்வி அந்நியமாக இருக்கலாகாது!