பூட்டிய மண்டபமும் அந்நிய நுகமும்



நமது ஆலய வளாகத்திலுள்ள சபை மண்டபம் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் பூட்டியே கிடக்கிறது. திருமண வரவேற்பு, பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், ஆண்டுக்கொரு முறை அறுப்பின் பண்டிகை விற்பனை ஆகியவற்றைத் தவிர அதன் கதவு திறப்பதற்குக் காரணமில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் இயங்கும் ஒரு சேவைச் சங்கத்தார், வாரத்தில் மூன்று மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கவும், மாதத்திற்கொரு முறை கண் பரிசோதனை முகாம் நடத்தவும் அம்மண்டபத்தைக் கேட்டிருக்கிறார்கள். மின்கட்டணத்தைத் தாங்களே செலுத்துவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். நம் சபையாரில் சிலரும் அச்சங்கத்தில் உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.

இவ்வேண்டுகோளுக்கு எதிராக எழுத்து மூலம் சில மறுப்புகள் என்னிடம் வந்துள்ளன. அவற்றை எழுதியவர்கள் ஜெபிக்கிறவர்கள், வேதத்தை நேசிக்கிறவர்கள். ஆயினும் அவர்கள் எழுதியிருப்பது தவறு என்றே கருதுகிறேன். ஏன் தவறு என்பதை இவ்வாரம் உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது மறுப்பு, அவிசுவாசிகளோடு சேர்ந்து இயங்கும் சங்கத்தில் விசுவாசி சேருவது அந்நிய நுகம் என்பது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டிருக்கிறது. வசனத்தை எடுத்துக்காட்டியவர்கள் அதே சபைக்கு அதே அப்போஸ்தலன் எழுதிய முதலாம் நிருபத்தையும் சற்றுத் திருப்பியிருக்கலாம். அதன் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல், துன்மார்க்கரோடு கலவாதிருங்கள் என்று தாம் முன்பு எழுதியதை மக்கள் தவறாகப் புரிந்துகொண்டதைத் திருத்துகிறார். உலகத்தாரைக் குறித்துத் தாம் அதைச் சொல்லவில்லை என்றும், அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே வெளியேற வேண்டியிருக்குமே என்றும் விளக்குகிறார். பத்தாம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போங்கள், பரிமாறுவதைச் சாப்பிடுங்கள் என்கிறார். பந்திக்கே போகலாம் என்று பவுல் அனுமதிக்கும்போது, ஏழைப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போகக்கூடாது என்று தடுக்க நாம் யார்? நுகம் என்பது ஒரே ஆராதனைக்கும் ஒரே விசுவாச அறிக்கைக்கும் கழுத்தைக் கொடுப்பது. கண் பரிசோதனைக்கு வந்தவர்களை வரிசையில் உட்கார வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இம்மறுப்பை எழுதியவர்களில் சிலர், தங்கள் தொழிலில் பிற சமயத்தாரைக் கூட்டாளிகளாக வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் இலாபத்துக்கான கூட்டு நுகமாகாமல், தருமத்துக்கான கூட்டு மட்டும் நுகமாவது எந்த வேதத்தின்படி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நாம் வாரந்தோறும் உச்சரிக்கும் 'ஐக்கியம்' என்ற சொல்லுக்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் கொய்னோனியா. லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் செபெதேயுவின் குமாரர்களை சீமோனுடைய கூட்டாளிகள் என்று சொல்லும்போது, அதே வேரிலிருந்து பிறந்த சொல்லையே லூக்கா பயன்படுத்துகிறார். படகிலும் வலையிலும் பங்காளிகள் என்பது அங்கே அதன் பொருள்; நம் மீன் மார்க்கெட்டில் விடியற்காலையில் கூடை இறக்குகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத பொருள். ரோமர் பதினைந்தாம் அதிகாரத்தில் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்திற்கும் பவுல் அச்சொல்லையே வைக்கிறார். வலை, படகு, பசித்தவனுக்கான பணம் இவற்றையெல்லாம் சுமந்த ஒரு சொல்லை, ஆராதனைக்குப் பின் தேநீரும் கேக்கும் என்ற அளவிற்கு நாம் சுருக்கி வைத்திருக்கிறோம்.

இனி அச்சங்கங்களைப் பற்றி. அவை உலகப் பெருமைக்காக ஏற்பட்டவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வரலாறு அவ்வளவு எளிதல்ல. ரோட்டரி சங்கம் 1905 பிப்ரவரி 23 அன்று சிக்காகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரால் தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் தங்கள் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியதால் அப்பெயர் வந்தது. தொடக்கத்தில் நட்பும், ஒருவர் தொழிலுக்கு மற்றவர் உதவுவதுமே நோக்கம். மறுப்பாளர் சொல்வது அந்த அளவில் உண்மை. ஆனால் 1906-ல் டொனால்டு கார்ட்டர் என்ற வழக்கறிஞரைச் சேர அழைத்தபோது, தன் உறுப்பினர்களுக்கு வெளியே எவருக்கும் பயன்படாத சங்கத்திற்கு எதிர்காலம் இல்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்புதான் சங்கத்தைத் திருப்பியது. நகரத்தில் பொதுக் கழிப்பிடம் அமைக்கப் பாடுபட்டதே அதன் முதல் பொதுப்பணி. கழிப்பிடம் என்றால் முகம் சுளிக்கிறவர்கள், கூவக்கரையில் ஒரு பெண் பொழுது சாயும் வரை காத்திருந்த காலத்தை நினைத்துப் பார்க்கட்டும்.

கார்ட்டர் கேட்ட கேள்வி நம் சபைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கத்தக்கது. நம் ஆண்டறிக்கையில் வர்ணப்பூச்சு, ஒலிபெருக்கி, ஊழியர் சம்பளம், வளாகச் சுவர் ஆகியவற்றைக் கழித்துவிட்டால், உறுப்பினரல்லாதவருக்கு எத்தனை ரூபாய் போயிற்று என்று பொருளாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

சென்னையில் ரோட்டரி 1929-ல் தொடங்கியது. அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1890-ல், வாலிபர் கிறிஸ்தவ சங்கம், அதாவது ஒய்.எம்.சி.ஏ., இந்நகரில் வேரூன்றிவிட்டது. நந்தனத்தில் உள்ள உடற்கல்விக் கல்லூரி 1920-ல் அவர்கள் தொடங்கியது. அங்கே படித்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. எவருடைய விசுவாசமும் அதனால் கெட்டதாக நான் அறியேன். இன்னும் அருகே வருவோம். இதே சிந்தாதிரிப்பேட்டையில் சீயோன் ஆலயத்தின் போதகராக நெடுங்காலம் ஊழியம் செய்த டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயரின் துணைவியார் அன்னாள் அம்மையார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தினார். வெளியே வர வழியில்லாத இந்துக் குடும்பப் பெண்களின் வீடுகளுக்கே சென்று கற்பித்தார். அந்த வீடுகளுக்குள் நுழைவது அந்நிய நுகம் என்று அவர் நினைத்திருந்தால், இப்பேட்டையின் பெண் கல்வி வரலாற்றில் சில பக்கங்கள் இராமலே போயிருக்கும்.

இரண்டாவது மறுப்பு, ஆத்தும இரட்சிப்பு இல்லாத சேவை வீண் என்பது. இதை எழுதியவர் மூத்தவர்; அவரை மதிக்கிறேன். ஆனால் 'வீண்' என்ற சொல்லை அவர் எந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவார்? என் தலைமுறையினர் வகுப்பறையில் இரும்புத் தாங்கு கட்டிய காலோடு ஒரு நண்பனையாவது கண்டிருக்கிறோம். இளம்பிள்ளை வாதத்தை உலகிலிருந்தே ஒழிக்கும் பணியை ரோட்டரி 1985-ல் கையிலெடுத்தது. 1988-ல் உலகெங்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். இந்தியாவில் கடைசியாக அந்நோய் கண்டறியப்பட்டது 2011 ஜனவரி 13-ல், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துச் சிறுமி ஒருத்திக்கு. 2014 மார்ச் 27-ல் நம் நாடு போலியோ இல்லாத நாடாகச் சான்றளிக்கப்பட்டது. அரசும், உலக சுகாதார நிறுவனமும், யுனிசெஃப்பும், இலட்சக்கணக்கான சுகாதாரப் பணியாளர்களும் செய்த வேலை அது; ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொட்டு மருந்து மையத்தில் நின்ற அந்தச் சங்கத்தாரின் பங்கை மறைக்க முடியாது. லயன்ஸ் சங்கத்தாரும் அவ்வாறே: 1925-ல் ஹெலன் கெல்லர் அவர்கள் நடுவே நின்று பார்வையற்றோருக்காக வேண்டிக்கொண்டதை ஏற்று, கண் நலத்தைத் தங்கள் முதன்மைப் பணியாக்கிக்கொண்டார்கள். பிறவிக் குருடனுக்குப் பார்வையளித்த ஆண்டவர், அவனிடம் முதலில் விசுவாச அறிக்கையை வாங்கிக்கொண்டா கண்ணைத் திறந்தார்? யோவான் ஒன்பதாம் அதிகாரத்தை முழுவதும் படியுங்கள். குணமானது முதலில்; அவர் யார் என்று அவன் அறிந்தது அதிகாரத்தின் முடிவில்.

மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், நம்மைப் பின்பற்றாத ஒருவன் உமது நாமத்தினால் பிசாசைத் துரத்துகிறான், அவனைத் தடுத்தோம் என்று யோவான் பெருமையோடு வந்து சொன்னதும், தடுக்க வேண்டாம் என்று ஆண்டவர் மறுமொழி சொன்னதும் உங்களுக்குத் தெரியும். யோவானுடைய வருத்தம் பிசாசு போனதைப் பற்றியது அல்ல. நம் குழுவின் பெயர் அதில் இல்லையே என்பதுதான்.

மூன்றாவது மறுப்பில் உண்மை உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. இச்சங்கங்களில் படத்துக்காகச் செய்யப்படும் தருமம் மிகுதி. நூறு நோட்டுப் புத்தகங்களுக்கு இருபதடி ஃப்ளெக்ஸ் பேனர். ஒரு தையல் இயந்திரத்தைப் பிடித்தபடி ஒன்பது பேர். வாங்குகிறவள் தலைகுனிந்து நிற்க, கொடுக்கிறவர் கேமராவைப் பார்க்கிறார். சில சங்கங்களில் கூட்டம் முடிந்தபின் மதுக்கோப்பை வலம் வருவதும் உண்மை. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்ற கட்டளைக்கு இவையெல்லாம் விரோதம். ஆனால் கல்லெறியும் முன் நம் ஆலயத்திற்குள் ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். மின்விசிறியின் இறக்கைகளில் அன்பளித்தவர் பெயர். சுழலும்போது எழுத்துத் தெரியாது என்பது ஒன்றே ஆறுதல். பெஞ்சின் முதுகில் பெயர், கல்வெட்டில் பெயர், குழல்விளக்கில்கூடப் பெயர். அச்சங்கங்களிலோ தலைவர் பதவி ஓராண்டுதான். ஜூலை முதல் தேதி புதியவர் வந்துவிடுவார், பழையவர் பின்வரிசையில் அமர்ந்து அடுத்த முகாமுக்கு நாற்காலி போடுவார். நம் கமிட்டித் தேர்தல்களையும் அதற்குப் பின் நீதிமன்றப் படிகளையும் அறிந்த உங்களிடம் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அச்சங்கத்தாருக்கும், அதில் உள்ள நம் சபையாருக்கும் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒய்.எம்.சி.ஏ.வின் செயலராக இருந்து, 1912-ல் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்ற நம் திருநெல்வேலிச் சீமையின் வே. ச. அசரியா, 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிமாரைப் பார்த்து, நீங்கள் உடைமைகளைத் தந்தீர்கள், தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களாகவும் இருங்கள் என்ற பொருளில் வேண்டிக்கொண்டார். அவையில் பலருக்கு அது உறுத்தியது. இன்றும் உறுத்த வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் நம் கூவக்கரையிலிருந்த குடும்பங்கள் பல பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. 20 கிலோமீட்டருக்கும் அப்பால். வெள்ளத்தின்போது அவர்களுக்குப் பாய், போர்வை, அரிசி கொடுத்தோம். சங்கங்களும் கொடுத்தன, நாமும் கொடுத்தோம். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? வேலைக்காக இன்றும் பேருந்தேறி இப்பக்கம் வந்து போகிற ஒரு தாயையாவது நம் வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தோமா? பொருளைக் கொடுப்பது எளிது. அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வாரம் மூன்று மாலை ஒரே பிள்ளையின் அருகே அமர்ந்து, அவன் பெயரும் அவன் அப்பாவின் வேலையும் எந்தக் கணக்கில் அவன் தடுமாறுகிறான் என்பதும் தெரிந்துகொள்வது வேறு வகை. ஆகவேதான் கண் முகாமைக் காட்டிலும் மாலை வகுப்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நெகேமியா மூன்றாம் அதிகாரத்தில் அலங்கம் கட்டினவர்களின் பட்டியல் இருக்கிறது. தட்டான் கட்டுகிறான், தைலக்காரன் கட்டுகிறான், ஒருவன் தன் குமாரத்திகளோடு கட்டுகிறான். தெக்கோவா ஊராரும் கட்டுகிறார்கள்; அவர்களுடைய பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தக் குறிப்பு அப்படியே இருக்கிறது.

மண்டபத்தைக் கொடுப்பது குறித்த தீர்மானம் வருகிற கமிட்டிக் கூட்டத்தில் என் பெயரால் முன்வைக்கப்படும். நிபந்தனைகள் நான்கு: சமயப் பேதமின்றி எல்லாப் பிள்ளைகளும் வரலாம், மது கூடாது, பேனர் கூடாது, அவர்களுடையதும் கூடாது, நம்முடையதும் கூடாது, கற்பிக்கிறவர்களில் பாதிப்பேராவது நம் சபையாராக இருக்க வேண்டும். முதல் மூன்றுக்கும் சங்கத்தார் சம்மதித்துவிட்டார்கள். நான்காவது உங்கள் கையில் இருக்கிறது. இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தரக்கூடியவர்கள் இன்னும் ஏழு பேர் வேண்டும். தீர்மானத்தை எதிர்ப்பவர்களும் அன்று அவசியம் வாருங்கள். ஆராதனை முடிந்து வாசலில் பேசுவதைக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். நானும் அங்கேயே பதில் சொல்லுகிறேன்.